வின்ச்சில் போனாலும் முருகன் தெரிவார்

கேள்வி: டாக்டர், எனக்கு 29 வயது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. நாலு வருடமாக நடக்கும்போது கால் நுனி நிலைப்படியில் தட்டுகிறது, செருப்பு காலில் நிற்பதில்லை. டிஸ்க் பிரச்சினை என்று சொல்லி இரண்டு வருடம் இடுப்புக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். போன வருடம் மரபணுப் பரிசோதனையில்தான் ஜி.என்.இ. மயோபதி என்ற தசை நோய் என்று தெரிந்தது. மருந்து கிடையாது, பத்துப் பதினைந்து வருடத்தில் வீல்சேர் என்றார்கள். வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பழனி படியேறுவேன். இந்த முறை பாதியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பினேன். என் வகுப்பு மாடியில் இருக்கிறது. "ஏன் டீச்சர் கொக்கு மாதிரி நடக்கறீங்க?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். காலுக்கு ஸ்பிளின்ட் போடச் சொன்னார்கள். போட்டுப் பழகிவிட்டால் இருக்கிற பலமும் போய்விடுமோ என்று பயம். மாமா மகனுக்கு என்னைப் பெண் கேட்கிறார்கள். நோயைப் பற்றி வாயே திறக்காதே என்கிறார் அம்மா. அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். தம்பிக்கும் வருமா? வீல்சேருக்கு முன்னால் வாழ வேண்டியதை எல்லாம் வாழ்ந்து முடித்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?
பெயர் வேண்டாம்.

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்ற கேள்விகள் எல்லாம் அதில்தான் வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. மறுவாழ்வு மருத்துவத்தில் இருப்பதால் இந்த மாதிரி நோயோடு வருகிறவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்கிற வாய்ப்பு எனக்கு இருக்கிறது. வீல்சேரைத் தன் வாழ்க்கையின் எல்லைக்கோடாகப் போட்டுக்கொள்கிறவருக்கு, அந்தத் திசையில் இருக்கிற எல்லாமே எதிரியாகத் தெரிய ஆரம்பித்துவிடும். ஸ்பிளின்ட் எதிரி, கைத்தடி எதிரி, லிஃப்ட் எதிரி, பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் அவரும் எதிரி. அப்புறம் என்ன ஆகும்? விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கல்யாண வீடுகளுக்குப் போவது நிற்கும். யாராவது நடையைப் பார்ப்பார்கள் என்று கடைத்தெரு நிற்கும். உட்கார்ந்தே இருப்பதால் எடை கூடும், கூடிய எடையைத் தூக்க முடியாமல் நடை இன்னும் மோசமாகும். நோய் பத்து வருடத்தில் எடுக்கக்கூடியதை மனிதர் இரண்டே வருடத்தில் தாமாகக் கொடுத்துவிடுகிறார். நான் பயப்படுவது இதற்குத்தான்.

சரி, நோய்க்கு வருவோம். நம் செல்கள் சியாலிக் அமிலம் என்ற ஒன்றைத் தயாரிக்கின்றன. அதற்கு வேண்டிய நொதியைத் தருவது ஜி.என்.இ. மரபணு. அப்பாவிடமிருந்து வந்த பிரதி, அம்மாவிடமிருந்து வந்த பிரதி இரண்டிலும் பழுது இருந்தால், இருபது முப்பது வயதுவரை எந்தத் தொந்தரவும் தெரியாமல் இருந்துவிட்டு, பிறகு தசை மெல்ல மெல்ல நலிய ஆரம்பிக்கிறது. ஜப்பானில் 1981ல் ஒரு பெயரிலும், இஸ்ரேலில் பாரசீக யூதக் குடும்பங்களில் 1984ல் இன்னொரு பெயரிலும் இதை விவரித்தார்கள். மரபணு 2001ல் பிடிபட்ட பிறகுதான் இரண்டும் ஒரே நோய் என்று உறுதியானது. மருத்துவர்களே நேரில் அதிகம் பார்த்திராத நோய் இது. பாதத்தை மேலே தூக்குகிற தசைதான் முதலில் தளரும் என்பதால், இடுப்பில் நரம்பு அழுத்தம் என்று நினைத்துவிடுவது சகஜம். ஆனால் டிஸ்க் நரம்பை அழுத்தினால் பெரும்பாலும் மரத்துப்போகும், சுரீரென்று வலி இறங்கும். இதில் தொடு உணர்ச்சி அப்படியே இருக்கும்.

இதில் உங்களுக்குச் சாதகமாக இருப்பவற்றையும் யாராவது சொல்ல வேண்டும். முன்னங்காலுக்கு அடுத்து பின்தொடை, இடுப்பை மடக்குகிற தசை, வருடங்கள் போனபின் கை என்று இது பரவும். ஆனால் முன்தொடைத் தசை, அதாவது முட்டி மடங்கிவிடாமல் நம்மை நிற்க வைக்கிற பெரிய தசை, பெரும்பாலும் நீண்ட காலம் தப்பித்துக்கொள்கிறது. மற்ற பல தசை நோய்களில் இந்த வசதி கிடையாது. இதயத்தை இது பொதுவாகத் தொடுவதில்லை. மூச்சுத் தசைகள் பாதிக்கப்பட்டாலும் மிகவும் பின்னால்தான். புத்தி, பேச்சு, விழுங்குவது, பார்வை எதற்கும் பங்கமில்லை. வீல்சேர் பற்றி உங்களிடம் சொன்ன கணக்கு தப்பில்லை. அறிகுறி தொடங்கி 10 முதல் 20 வருடத்தில் பெரும்பாலோருக்கு அது தேவைப்படுகிறது. ஆனால் ஒருவருக்கொருவர் வேகம் நிறையவே மாறும். அதனால் பதினைந்தாம் வருடத்தை நினைத்து இன்றைக்கு ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த இரண்டு வருடத்துக்குத் திட்டம் போடுவோம். அதற்கு மேல் போட்டால் எப்படியும் மாற்றித்தான் எழுத வேண்டியிருக்கும்.

முதல் வேலை ஸ்பிளின்ட், அதாவது பாதம் தொங்காமல் கணுக்காலோடு சேர்த்துத் தாங்கிப் பிடிக்கிற கவசம். நாங்கள் ஏ.எஃப்.ஓ. என்போம். போட்டால் பலம் போய்விடும் என்ற பயம் ஏறக்குறைய எல்லாருக்கும் இருக்கிறது. உங்கள் பாதம் தொங்குவது அந்தத் தசையை நீங்கள் பயன்படுத்தாததால் அல்ல, நார்களே நலிந்ததால். அதைப் பட்டினி போட்டு வேலை வாங்கினால் திரும்பி வராது. மாறாக, ஸ்பிளின்ட் இல்லாமல் நடக்கிறபோது ஒவ்வொரு அடிக்கும் முட்டியை உயரத் தூக்குகிறீர்கள். பிள்ளைகள் கொக்கு என்று சொன்னது அதைத்தான், நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். அப்படித் தூக்குவது இடுப்பை மடக்கும் தசை. உங்கள் நோய் அடுத்து குறி வைக்கிற அதே தசையைத்தான் நாள் முழுக்கக் கூடுதலாக உழைக்க வைக்கிறீர்கள்.

பிளாஸ்டிக்கில், அதாவது பாலிப்ரொப்பிலீனில், உங்கள் காலுக்கு அச்செடுத்துச் செய்தது போதும். கார்பன் ஃபைபரில் செய்தால் இன்னும் லேசு, விலைதான் ஏறும். கடையில் தொங்குகிற ரெடிமேடை வாங்காதீர்கள், கணுக்கால் எலும்பில் உறுத்திப் புண்ணாக்கிவிடும். ஸ்பிளின்ட் போட்ட கால் பழைய ஷூவில் நுழையாது. அரை சைஸ் அல்லது ஒரு சைஸ் பெரிதாக, உள்ளே இருக்கிற அட்டையைக் கழற்றி எடுக்கக்கூடியதாக, பின்பக்கம் மூடியதாக வாங்குங்கள். ஹீல் கூடாது. அளவெடுக்கப் போகும்போதே அந்த ஷூவையும் கையில் கொண்டுபோனால் இரண்டாவது அலைச்சல் மிச்சம். உள்ளே முழங்கால்வரை பருத்திக் காலுறை கட்டாயம். முதல் வாரம் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் போடுங்கள். கழற்றிய பிறகு தோல் சிவந்திருந்தால் அரை மணியில் மறைய வேண்டும். மறையாவிட்டால் செய்தவரிடமே திரும்பப் போய்த் தேய்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். பலர் இந்தக் கட்டத்தில்தான் "எனக்கு ஒத்துக்கலை" என்று பரணில் போட்டுவிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது கால் இல்லை, அச்சு.

புடவை விஷயத்தையும் யோசிக்க வேண்டும். கொசுவம் ஷூ நுனியில் மாட்டினால் ஸ்பிளின்ட் இருந்தும் விழுவீர்கள். கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி கட்டி, கொசுவத்தை உள்பாவாடையோடு ஒரு பின் போட்டு நிறுத்துங்கள். சுடிதார் போட முடிகிற நாளில் சுடிதாரே நல்லது.

பிள்ளைகளுக்குப் பதில் சொல்லத் தயங்காதீர்கள். "டீச்சர் காலில் ஒரு தசை பலவீனமா இருக்கு, அதுக்குத்தான் இந்த பெல்ட், வலிக்காது" என்று ஒரு தடவை சொல்லி, தொட்டுப் பார்க்கவும் விடுங்கள். ஒரு வாரம் கேட்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். சக ஆசிரியர்கள்தான் கொஞ்சம் அதிக நாள் எடுத்துக்கொள்வார்கள்.

உடற்பயிற்சி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது ஜிம்முக்குப் போய்த் தசையை ஏற்று என்று சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம். எடை தூக்கித் தசையைக் களைக்க வைப்பது இந்த நோயில் உதவாது. படுத்தே கிடப்பதும் அதே அளவு கெடுதல். நிற்கிற சைக்கிளில் லேசாக மிதிப்பது, ஆள் துணையோடு நீச்சல், குதிகால் நரம்பு என்று ஊரில் சொல்வார்களே அதை இழுத்து நீட்டுகிற பயிற்சி தினமும், இவை போதும். அளவு தெரிய ஒரு வழி இருக்கிறது. மறுநாள் காலையில் கால் கனத்து வலித்தால் முந்தின நாள் செய்தது அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். எடையைக் கூட விடாதீர்கள். வைட்டமின் டி அளவு பார்த்துக்கொள்ளுங்கள், விழுகிற ஆபத்து உள்ளவருக்கு எலும்பு உறுதி முக்கியம். விழுந்த பின் தரையிலிருந்து எப்படி எழுவது என்பதை இப்போதே பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். பலம் இருக்கும்போது பழகியது பின்னால் கை கொடுக்கும். வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டு உயரமான நாற்காலிக்கு மாறுங்கள். குளியலறையில் பிடிமானக் கம்பியும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் இந்த வருடமே போட்டுவிடலாம்.

பழனிக்கு வருகிறேன். மலைக்கு 1960களிலிருந்தே வின்ச், அதாவது தண்டவாளத்தில் கம்பி கட்டி இழுக்கிற வண்டி, ஓடுகிறது, பிறகு ரோப் காரும் வந்துவிட்டது. கைக்குழந்தைக்காரர்களும் வயதானவர்களும் அதில்தான் போகிறார்கள், அவர்கள் வேண்டுதலை முருகன் தள்ளுபடி செய்துவிட்டதாக நான் கேள்விப்படவில்லை. படியேறுவதாகத்தான் நேர்ந்துகொண்டேன் என்பீர்கள். பத்துப் படி ஏறிக் கும்பிட்டுவிட்டு வின்ச்சுக்குப் போங்கள். தைப்பூச நெரிசலில் மட்டும் வேண்டாம், ஒருவர் தோள் இடித்தாலே உங்களால் சமாளிக்க முடியாது. தை போய் மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அல்லாத நாளாகப் பார்த்துப் போனால் நிம்மதியாகத் தரிசனம் கிடைக்கும். நீங்கள் பாதிப் படியில் அழுதது கோழைத்தனம் இல்லை. இந்த நோயில் துக்கம் ஒரே தடவையில் வந்து தீர்ந்துவிடாது. படி போகும்போது ஒரு முறை, பின்னால் வேறொன்று போகும்போது இன்னொரு முறை வரும். சில வாரத்தில் அடங்கினால் அது இயல்பு. தூக்கம், பசி, வேலையில் பிடிப்பு மூன்றும் சேர்ந்து போய் ஒரு மாதமாகியும் திரும்பாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு மருந்து இருக்கிறது, அதுவும் நன்றாக வேலை செய்கிற மருந்து.

இந்த இடத்தில் யாராவது உங்களிடம் ஸ்டீபன் ஹாக்கிங்கைப் பற்றிச் சொல்வார்கள். அவருக்கு வந்தது நரம்புச் செல் சம்பந்தப்பட்ட வேறு நோய். அதோடு, நோய் வந்துவிட்டது என்பதற்காக யாரும் சாதனையாளராகியே தீர வேண்டும் என்று சட்டமில்லை. ஆறாம் வகுப்புக்குப் பின்னம் புரியும்படி சொல்லிக்கொடுத்துவிட்டு, சம்பளம் வாங்கி, சனிக்கிழமை தோழியோடு சினிமாவுக்குப் போவது முழு வாழ்க்கைதான்.

வேலையை விடுவது பற்றி நினைக்கவே வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ன் 20ஆம் பிரிவு உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. அரசுப் பணியில் இருக்கும்போது ஒருவருக்கு ஊனம் ஏற்பட்டால் அவரை வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்தப் பணியைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி, பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை வைத்திருக்க வேண்டும். நீங்கள் இப்போது கேட்க வேண்டியது இதைவிட ரொம்பச் சின்ன விஷயம்: வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது. தலைமை ஆசிரியரிடம் வாயால் கேட்காதீர்கள். மருத்துவச் சான்றை இணைத்து எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். சலுகை கேட்கிறோம் என்ற தொனி வேண்டாம், தகவல் சொல்கிற தொனி போதும்.

அதற்கு முன் யூ.டி.ஐ.டி. அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு, விண்ணப்பித்துவிடுங்கள். இணையத்தில் பதிவு செய்தால் அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் போடுவார்கள். 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் அட்டையில் வெள்ளைப் பட்டை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80க்கு மேல் நீலம். இந்த முறை வெள்ளை வந்தாலும் மனம் விட வேண்டாம். வளர்கிற நோய் என்பதால் பிறகு மறுமதிப்பீடு கேட்கலாம். மஞ்சள் வந்தால் பணிமாறுதல் கலந்தாய்வில் முன்னுரிமை கேட்கலாம், பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவராக இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவாக 75,000 ரூபாய் கழிக்கலாம். ஊர்திப்படி, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் பற்றியெல்லாம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஒரே நடையில் கேட்டுவிடுங்கள். ஸ்கூட்டியில் சிக்னலில் நிற்கும்போது கால் ஊன்றத் தடுமாறுகிறதென்றால் பக்கச் சக்கரம் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

மருந்து பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். குறைவது சியாலிக் அமிலம் என்றால் அதையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று முயன்றார்கள். பல நாடுகளில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் பலன் நிரூபணமாகவில்லை என்று 2017ல் அறிவித்தார்கள். ஆனாலும் ஜப்பானில் தனியாக ஆய்வு தொடர்ந்து, 2024ல் அங்கே அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. நலிந்த தசையைத் திருப்பித் தருகிற மருந்து அல்ல அது, வேகத்தைக் குறைக்கலாம் என்ற எதிர்பார்ப்புதான். அதனால் இணையத்தில் சியாலிக் அமிலம் என்று விற்கிற பொடிகளில் பணத்தைக் கொட்டாதீர்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டுக் குணமாக்குகிறோம் என்று சொல்கிற இடங்களுக்கும் போகாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதல்படி, முறைப்படி அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே தசை நோய்களுக்கு அந்தச் சிகிச்சை கொடுக்கவே கூடாது. ஆய்வு என்று சொல்லிக்கொண்டு உங்களிடமே லட்சக்கணக்கில் வாங்கினால் அது ஆய்வு அல்ல. வேலூர் சி.எம்.சி., பெங்களூர் நிம்ஹான்ஸ் மாதிரி தசை நோய்களைத் தொடர்ந்து பார்க்கிற ஓர் இடத்தில் கணக்கு வைத்துக்கொண்டு வருடம் ஒரு முறை போய்வாருங்கள். பிற்காலத்தில் நல்ல ஆய்வு வந்தால் கூப்பிட அவர்களிடம் உங்கள் பெயர் இருக்கும். எந்த அறுவை சிகிச்சையாக இருந்தாலும் மயக்க மருந்து நிபுணரிடம் நோயின் பெயரை முன்கூட்டியே எழுதிக் காட்டுங்கள். தசை நோய் உள்ளவர்களுக்குச் சில மருந்துகளைத் தவிர்ப்பார்கள்.

இனி கல்யாணம். உங்களுக்கு இந்த நோய் வந்திருக்கிறது என்றால் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒரு பழுதான பிரதி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நோய் வராது, அந்தப் பழுதைப் பிள்ளைகளுக்குக் கடத்துகிறவர்கள் மட்டும்தான். அம்மாவிடம் இருக்கிறது என்றால் மாமாவிடம் இருக்க இரண்டில் ஒன்று வாய்ப்பு, மாமா மகனிடம் குறைந்தது நாலில் ஒன்று. அவர் கடத்துகிறவராக இருந்தால், உங்களுக்குப் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இல்லையென்றால் குழந்தைகள் எல்லாரும் கடத்துகிறவர்களாக இருப்பார்கள், யாருக்கும் நோய் வராது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஓர் ரத்தப் பரிசோதனை. உங்கள் அறிக்கையில் என்ன மாற்றம் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால், அதை மட்டும் தேடுவது சுலபம், செலவும் குறைவு. சொந்தமில்லாத அசல் மாப்பிள்ளையாக இருந்தாலும் இதைச் செய்துவிடுங்கள். நம் நாட்டுக் குடும்பங்களில் குறிப்பிட்ட ஒரு மாற்றம் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது.

சொல்லாமல் கட்டிக்கொள்வதை என்னால் ஆமோதிக்க முடியாது. அறம் ஒரு பக்கம் இருக்கட்டும், நடையே இரண்டு வருடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது உங்கள் பக்கம் நிற்க வேண்டிய ஆளே ஏமாந்தவராக எதிரில் நிற்பார். நிச்சயத்துக்கு முன், பெரியவர்கள் யாரும் இல்லாமல், மாமா மகனிடம் நீங்களே பேசுங்கள். நோயின் பெயர், அது எதைத் தொடும், எதைத் தொடாது, பரிசோதனை வேண்டும் என்பது வரை சொல்லிவிட்டு யோசிக்க நேரம் கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வலிக்கத்தான் செய்யும். கல்யாணமே வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் அது உங்கள் உரிமை. ஆனால் நோய்க்காக என்றில்லாமல் உங்களுக்காக எடுங்கள். கர்ப்பம் தரிக்கலாம், இந்த நோயோடு குழந்தை பெற்றவர்கள் நிறைய இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் பலவீனம் சற்று வேகமெடுத்தது என்று சிலர் சொல்கிறார்கள். குழந்தை வேண்டுமென்றால் ரொம்பத் தள்ளிப்போடாமல், தசை நோய் மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் சேர்த்து வைத்துத் திட்டமிடுவது நல்லது.

தம்பிக்கு வர நாலில் ஒன்று வாய்ப்பு. கடத்துகிறவராக மட்டும் இருக்க இரண்டில் ஒன்று. அறிகுறி இல்லாதவர் பரிசோதனை செய்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. சிலருக்குத் தெரிந்துகொண்டால் நிம்மதி, சிலருக்குத் தெரியாமல் இருப்பதே நிம்மதி. நீங்கள் அவருக்குத் தகவலைச் சொல்லுங்கள், மரபணு ஆலோசனை கிடைக்கும் இடத்தைச் சொல்லுங்கள், வற்புறுத்தாதீர்கள். சொந்தத்தில் பெண் பார்க்கிற பேச்சு எழுந்தால் மட்டும் அதற்கு முன் கட்டாயம் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

அம்மாவைப் பற்றி ஒன்று. அவர் மறைக்கச் சொல்வது மாப்பிள்ளை வீட்டாருக்குப் பயந்து மட்டும் இருக்காது. தன் பிறந்த வீட்டிலிருந்தும் தன் வயிற்றிலிருந்தும் வந்த நோய் என்று ஊர் சொல்லும் என்ற பயமும் இருக்கும். ஸ்பிளின்ட் அளவு கொடுக்கப் போகிற அன்றைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வந்தது, யாரும் செய்த பாவமில்லை, கர்ப்ப காலத்தில் சாப்பிட்டதோ சாப்பிடாததோ காரணமில்லை என்பதை ஒரு டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும். நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் மகள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.